ஒரு திரையும் நான்கு மொழியும் – 1969ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி



கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மின்ரயிலில் வருகிறவர்கள், பிரிக்பீல்ட்ஸில் உள்ள சென்ட்ரல் நிலையத்தை அடைவதற்குச் சற்று முன்னர் 'அங்காசாபுரி' என்னும் நிலையத்தைக் கடந்து வருகின்றனர். மலாய் மொழியில் 'அங்காசா' என்பது வானவெளியைக் குறிக்கும் சொல். அதன் வேர் வடமொழியின் 'ஆகாசம்'. 'புரி' என்றால் நகரம் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆகாசபுரி என்று சொல்லிப் பார்த்தால், அந்தப் பெயர் நம் வீட்டுப் பெயர்போலவே இருக்கிறது அல்லவா? அந்த ஆகாசபுரிதான் நம் நாட்டு வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் இல்லம். அந்த இல்லத்துக்குத் தொலைக்காட்சி குடிபுகுந்த ஆண்டு 1969.

1969 என்றவுடன் பெரியவர்களின் நினைவுக்கு முதலில் வருவது மே மாதம் 13ஆம் நாள். அது இயல்பே. ஆனால் அதே ஆண்டில் நம் தொலைக்காட்சியின் போக்கையே மாற்றிய வேறு மூன்று நிகழ்ச்சிகளும் நடந்தேறின. வானொலியும் தொலைக்காட்சியும் ஒரே அமைப்பாக இணைந்தன. தொலைக்காட்சி அங்காசாபுரிக்கு இடம் பெயர்ந்தது. இரண்டாவது அலைவரிசை பிறந்தது. இந்த மூன்றையும் மே 13ஐயும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஒரு கேள்வி எழும். பல மொழி பேசும் மக்கள் வாழும் நாட்டில் தொலைக்காட்சித் திரை ஒன்றாக இருப்பது நல்லதா, மொழிக்கு ஒன்றாகப் பிரிந்திருப்பது நல்லதா? இன்றைய உரையில் அந்தக் கேள்வியைத்தான் ஆராயப்போகிறோம்.

முதலில் கதையின் தொடக்கத்துக்குச் செல்வோம்.

1963ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள், சனிக்கிழமை. அன்றுதான் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் நம் நாட்டுத் தொலைக்காட்சியைத் தொடக்கி வைத்தார். அப்போது அதற்கெனத் தனிக் கட்டடம் கிடையாது. அம்பாங் சாலையில் இருந்த துங்கு அப்துல் ரகுமான் மண்டபமே ஒளிபரப்புக் கூடமாக உதவியது. கோலாலம்பூரும் அதன் சுற்றுவட்டாரமும்தான் முதலில் படத்தைக் கண்டன. மாலையிலும் இரவிலும் சில மணி நேரம், கறுப்பு வெள்ளையில், ஒரே ஓர் அலைவரிசை. தொலைக்காட்சி என்றால் அன்று அவ்வளவுதான்.

இங்கே தமிழராகிய நாம் பெருமையோடு நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் தலைநகரமாகிய சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டது 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாளில்தான். இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது. ஆக, சென்னைவாசிகள் தங்கள் ஊரில் தொலைக்காட்சியைக் காண்பதற்கு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களும் கிள்ளான் நகரத்தாரும் அதனைக் கண்டுவிட்டனர்.

ஆனால் கண்டவர்கள் எல்லா நேரமும் தம் மொழியில் காணவில்லை. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழியினரும் அந்த ஓர் அலைவரிசையின் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஊருக்கு ஒரே கிணறு. நான்கு தெருவினரும் அதில்தான் நீர் இறைக்க வேண்டும் என்பது போன்ற நிலை.

வானொலியில் இந்தத் தொல்லை இல்லை. அந்நாளில் நம் வானொலிக்கு நான்கு பிரிவுகள் இருந்தன. மலாய்மொழிக்குத் தேசியப் பிரிவு, ஆங்கிலத்துக்கு நீலப் பிரிவு, சீனத்துக்குப் பச்சைப் பிரிவு, தமிழுக்குச் சிவப்புப் பிரிவு என ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தனி வழி இருந்தது. தமிழ் கேட்க விரும்பியவர் முள்ளைத் திருப்பினால் போதும். அடுத்த வீட்டார் அதே நேரத்தில் சீனப் பாடலைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லை. வானொலியில் முடிந்த இந்த ஏற்பாடு தொலைக்காட்சியில் ஏன் முடியவில்லை?

இதற்கான விடை அலைகளின் அகலத்தில் இருக்கிறது. வானவெளி எல்லையற்றது என்று நாம் சொல்லுகிறோம். ஆனால் ஒலிபரப்புக்கும் ஒளிபரப்புக்கும் பயன்படும் அலைகளின் வெளி எல்லையுள்ளது. அதனை ஒரு நெடுஞ்சாலையாக எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையமும் ஒரு வண்டி. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் அகலத்துக்கேற்ற தடம் வேண்டும். பேச்சையும் பாட்டையும் மட்டும் ஏற்றிச் செல்லும் நடு அலை வானொலிக்கு ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் அகலம் போதும். அது சைக்கிள் போலச் சிறு தடத்தில் ஓடிவிடும்.

தொலைக்காட்சியின் கதை வேறு. நாம் காணும் அசையும் படம், உண்மையில் விரைந்து மாறும் அசையாப் படங்களின் தொடர். நம் நாட்டில் பின்பற்றப்பட்ட முறையில் ஒரு படம் 625 கோடுகளாக வகுக்கப்பட்டது. நொடிக்கு 25 படங்கள் அனுப்பப்பட்டன. பெருக்கிப் பாருங்கள், ஒரு நொடிக்கு 15,625 கோடுகள்! ஒவ்வொரு கோட்டிலும் எந்த இடத்தில் வெளிச்சம், எந்த இடத்தில் இருள் என்ற விவரமும் செல்ல வேண்டும். இத்தனை சுமையை ஏற்றிச் செல்ல 7 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவைப்பட்டது. 7 மெகாஹெர்ட்ஸ் என்றால் 7,000 கிலோஹெர்ட்ஸ். ஒரு தொலைக்காட்சி அலைவரிசை அடைத்துக்கொள்ளும் இடத்தில் ஏறத்தாழ 700 வானொலி நிலையங்களை நிறுத்திவிடலாம் என்று பொருள்.

சாலை அகலம் மட்டுமே இடையூறு என்றும் சொல்வதற்கில்லை. நடு அலை நிலத்தை ஒட்டித் தவழ்ந்து, மேடு பள்ளங்களைத் தாண்டி நெடுந்தொலைவு செல்லும். தொலைக்காட்சி அலையோ, பெரும்பாலும் விளக்கின் ஒளியைப்போல நேர்க்கோட்டில் செல்லும். இடையில் குன்று வந்தால் அதற்குப் பின்புறம் நிழல் விழும். அந்த நிழலில் இருக்கும் வீட்டுக்குப் படம் தெளிவாக வராது. ஆகவேதான் ஒளிபரப்புக் கோபுரங்களை மலையுச்சியில் நிறுவினார்கள். ஆகவேதான் நம் வீட்டுக் கூரைகளில் மீன்முள் போன்ற ஏரியல்கள் உயர்ந்து நின்றன. இன்னோர் அலைவரிசை வேண்டுமென்றால் ஒவ்வோர் ஊருக்கும் இன்னொரு பரப்பு கருவி வேண்டும். கூடவே படக்கருவிகள், கூடங்கள், பயிற்சி பெற்ற ஊழியர்கள் அனைவரும் வேண்டும். இத்தனையும் பணம். புதிதாக அமைந்த ஒரு நாடு, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் செலவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், தொலைக்காட்சிக்கு ஓர் அலைவரிசையோடு நிறுத்திக்கொண்டதில் வியப்பில்லை.

இந்தப் பங்கீட்டினால் வீடுகளில் விளைந்தது என்ன? அக்காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. இருந்த வீட்டின் கூடத்தில் அண்டை அயலார் கூடினர். தமிழ் நிகழ்ச்சி வரும்வரை மலாய் நாடகத்தையும் சீனப் பாடலையும் ஆங்கிலப் படத்தையும் பார்த்தபடிக் காத்திருந்தனர். தமிழ் நிகழ்ச்சி வந்தபோது பிற மொழியினரும் அவ்வாறே காத்திருந்தனர். 'நமக்கு இவ்வளவுதானா நேரம்?' என்ற குறை நான்கு தெருவிலும் இருந்தது. அதே வேளையில் அடுத்த தெருவின் பாட்டும் பேச்சும் காதில் விழுந்தவண்ணம் இருந்தன. இந்த இரண்டையும் மனத்தில் கொண்டு 1969க்கு வருவோம்.

அவ்வாண்டு மே மாதம் 10ஆம் நாள் தீபகற்பத்தில் பொதுத்தேர்தல் நடைபெற்றது. 13ஆம் நாள், செவ்வாய்க்கிழமை மாலை, கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அன்றிரவு பிரதமர் துங்கு தொலைக்காட்சியில் தோன்றி மக்களிடம் பேசினார். ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகளுக்கு முன்னர் மகிழ்ச்சியோடு அதே தொலைக்காட்சியைத் தொடக்கி வைத்தவர், இப்போது துயரம் தோய்ந்த முகத்தோடு அதே திரையில் தோன்ற நேர்ந்தது. அதனை அடுத்து அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சிப் பொறுப்பை ஏற்றது. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. கலவரத்தில் இறந்தவர்கள் 196 பேர் என்பது அரசாங்கம் வெளியிட்ட கணக்கு.

நாளிதழ்களும் சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. வீட்டை விட்டு வெளியேற முடியாது; செய்தித்தாள் இல்லை. அந்த நிலையில் மக்களுக்கு மிஞ்சியவை வானொலியும் தொலைக்காட்சியும் மட்டுமே. ஊரடங்கு எப்போது தளர்த்தப்படும், அரிசி வாங்க எத்தனை மணிக்குப் போகலாம், எந்தச் செய்தி மெய், எது வதந்தி என்பதை அறிய வேறு வழியில்லை. ஓர் அறிவிப்பைப் புரிந்துகொள்வது உயிர் காக்கும் செயலாகிவிட்டது. தமிழ் மட்டுமே அறிந்த முதியவருக்குத் தமிழில் சொன்னால்தான் அது அறிவிப்பு. 'எங்கள் மொழிக்கும் நேரம் வேண்டும்' என்ற கோரிக்கையை ஆடல் பாடலுக்கான ஆசை என்று தள்ளிவிடக் கூடாது என்பதை அந்த நாட்கள் காட்டின. மற்றொன்றையும் அவை காட்டின. நாடு முழுவதும் நோக்குவதற்கு ஒரு பொதுத் திரை இருந்ததால்தான் நாட்டின் தலைவர் அனைவர் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் செல்ல முடிந்தது.

நேயர்களே, இந்த இடத்தில் சற்றே கடல் கடந்து அயர்லாந்துக்குச் செல்வோம். காரணம் இருக்கிறது. அதுவும் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்ட ஒரு சிறிய நாடு. அங்கே தொலைக்காட்சி தொடங்கியது 1961ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள். நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி மூன்று நாள் குறைய இரண்டு ஆண்டுகள். தொடக்க நாளில் பேசிய அதிபர் டி வலேரா, இந்தப் புதிய கருவி தமக்கு ஓரளவு அச்சம் தருவதாகவே கூறினார். அணுசக்தியைப்போல அளவற்ற நன்மையும் அதனால் விளையலாம், மீட்க முடியாத தீமையும் விளையலாம் என்பது அவர் கருத்து.

1969இல் அவர்களுக்கும் ஒரே அலைவரிசைதான். நம் மே 13க்குச் சரியாக மூன்று திங்கள் கழித்து, ஆகஸ்டு 13ஆம் நாள் மாலை, அயர்லாந்துப் பிரதமர் ஜாக் லிஞ்ச் தொலைக்காட்சியில் தோன்றினார். எல்லைக்கு அப்பால், வட அயர்லாந்தின் டெரி நகரில் கலவரம் மூண்டிருந்தது. எளிய மக்கள் துன்புறுவதைக் கண்டும் தம் அரசு இனி வாளாவிருக்க இயலாது என்ற பொருள்பட அவர் பேசினார். எல்லைக்கு அருகே இராணுவ மருத்துவ முகாம்கள் அமைக்கப்படும் என்றும் அறிவித்தார். அந்தச் சில நிமிட உரை எல்லையின் இருபுறத்தும் நம்பிக்கையையும் அச்சத்தையும் ஒருங்கே கிளப்பியது. தொலைக்காட்சி வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, நெருக்கடி நேரத்தில் ஒரு நாட்டின் குரலாக அது மாறிவிட்டதை இரு நாடுகளும் ஒரே ஆண்டில் கண்டன.

அயர்லாந்திலும் மொழிச் சிக்கல் இருந்தது. ஐரிஷ் மொழி அவர்களின் தேசிய மொழி. ஆனால் திரையில் ஆங்கிலமே மிகுந்திருந்தது. ஐரிஷ் பேசும் மேற்குக் கரையோர மக்கள் இதே 1969இல் தங்கள் உரிமைக்காக ஓர் இயக்கம் கண்டனர். மறு ஆண்டு கானமாரா என்னும் பகுதியில் அனுமதியின்றியே ஒரு சிறு வானொலி நடத்திக் காட்டினர். அதன் பயனாக 1972இல் அரசே ஐரிஷ் வானொலி ஒன்றைத் திறந்தது. ஐரிஷ் மொழிக்கெனத் தொலைக்காட்சி அலைவரிசை அமைவதற்கோ 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மொழியினர் தம் நேரத்தைக் கேட்டுப் பெறுவதற்கு இருபத்தேழு ஆண்டுகள்!

இனி நம் கோலாலம்பூருக்குத் திரும்புவோம். அவ்வாண்டு ஜூலையில் மனிதன் நிலவில் கால் வைத்தான். அயர்லாந்தில் அப்போது விடியற்காலை 3 மணி 56 நிமிடம். கெவின் ஓகெல்லி என்னும் அறிவிப்பாளர் இரவெல்லாம் விழித்திருந்து தம் மக்களுக்கு அதனை விளக்கினார். நம் நாட்டில் அது ஜூலை 21ஆம் நாள், திங்கட்கிழமை முற்பகல். அன்று நம்மிடம் துணைக்கோள் தரைநிலையம் இல்லை. குவாந்தானில் அது திறக்கப்பட்டது 1970இல்தான். தொலைக்காட்சி வளர வேண்டுமானால் கருவியும் இடமும் வளரவேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

அந்த வளர்ச்சி அக்டோபரில் வந்தது. 6ஆம் நாள் திங்கட்கிழமை தொலைக்காட்சி புக்கிட் புத்ராவில் எழுந்த அங்காசாபுரிக்குக் குடிபெயர்ந்தது. பிரிக்பீல்ட்ஸுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் இடையில், கிள்ளான் செல்லும் நெடுஞ்சாலைக்கு அருகில் அமைந்த குன்று அது. பொது மண்டபத்தில் ஒண்டியிருந்த தொலைக்காட்சிக்குச் சொந்த வீடு கிடைத்தது. வானொலி பின்னர் 1972இல் அங்கு வந்து சேர்ந்தது என்றாலும், நிர்வாகத்தில் இரண்டும் 1969இலேயே ஒன்றாயின.

புதுமனை புகுந்த சரியாக ஆறு வாரங்களில், நவம்பர்த் திங்கள் 17ஆம் நாள், இரண்டாவது அலைவரிசை தொடங்கியது. ஊருக்கு இரண்டாவது கிணறு வெட்டியாயிற்று. ஆண்டுகள் செல்லச்செல்ல, முதல் அலைவரிசை பெரும்பாலும் தேசிய மொழிக்கும், இரண்டாவது பெரும்பாலும் ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகியவற்றுக்கும் என்ற ஒழுங்கு படிப்படியாக உருவாயிற்று. தமிழ்ச் செய்தியும் தமிழ்த் திரைப்படமும் நாடகமும் இரண்டாவது அலைவரிசையில் நிலையான இடம் பெற்றன. எந்நாளில், எந்நேரத்தில் தமிழ் வரும் என்பதைக் குடும்பங்கள் மனப்பாடமாக அறிந்து வைத்திருந்தன.

இது நன்மையே என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே கிணறு இருந்தபோது சண்டை இருந்தது, சந்திப்பும் இருந்தது. கிணறு இரண்டானதும் சண்டை குறைந்தது, சந்திப்பும் குறைந்தது. தம் மொழி நிகழ்ச்சிக்காகக் காத்திருந்த நேரத்தில் அடுத்தவர் மொழியைக் கேட்ட பழக்கம், அலைவரிசையை மாற்றிவிடும் பழக்கமாக மாறத் தொடங்கியது. கலவரம் கண்ட அதே ஆண்டில் நம் மக்கள் பெற்ற இந்த வசதியில், இப்படி ஓர் இழப்பும் கலந்திருந்ததை யாரும் அன்று திட்டமிடவில்லை. பிற்காலத்தில்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1978 டிசம்பர் 28ஆம் நாள், தொலைக்காட்சி பிறந்து பதினைந்து ஆண்டுகள் நிறைந்த அன்று, தீபகற்பத்தில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. 1984 ஜூன் முதல் நாள் நாட்டின் முதல் தனியார் நிலையமான டிவி3 கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1996இல் துணைக்கோள் வழியாக ஆஸ்ட்ரோ வந்தது. 'வானவில்' என்னும் தமிழ் அலைவரிசையும் அவ்வாண்டிலேயே வந்தது. அயர்லாந்தில் ஐரிஷ் மொழி அலைவரிசை தொடங்கியதும் அதே 1996இல்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அங்கே மொழிக்கான அலைவரிசையை அரசு பொதுச்சேவையாக அமைத்தது; இங்கே முழுநேரத் தமிழ் அலைவரிசை, மாதக் கட்டணம் செலுத்துவோருக்கு உரியதாக வந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம் செலுத்தும் வழக்கமும் 1999இல் நின்றது. 2019இல் பழைய முறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு எண்முறை ஒளிபரப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

எண்முறை வந்த பின்னர், அகன்ற தடம் என்ற பழைய இடையூறும் பெரிதும் நீங்கிவிட்டது. முன்பு ஓர் அலைவரிசை அடைத்துக்கொண்ட இடத்தில் இன்று பல அலைவரிசைகளை அடுக்கி அனுப்ப முடிகிறது. கைபேசியில் ஆளுக்கு ஒரு திரை. ஒரே வீட்டில் நால்வர் நான்கு மொழிகளில் நான்கு நிகழ்ச்சிகளைப் பார்க்கின்றனர். கிணற்றுக்கே போகவேண்டியதில்லை, வீட்டுக்குள் குழாயே வந்துவிட்டது.

அப்படியானால் 1969 எழுப்பிய கேள்வி தீர்ந்துவிட்டதா? தீரவில்லை என்றே சொல்ல வேண்டும். அன்று பற்றாக்குறை நேரத்தில் இருந்தது. இன்று நேரம் மிகுந்திருக்கிறது, ஆனால் பொதுவாக அமர்ந்து பார்க்கும் திரை அருகிவிட்டது. மீண்டும் ஒரு நெருக்கடி வருமாயின், அனைவரும் நம்பி நோக்கும் ஒரு திரை எது? அந்தத் திரையில் தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டிக்கும் புரியும்படி யார் சொல்வார்? இந்த இரண்டுக்கும் ஒருசேர விடை தருவதே பொது ஒளிபரப்பின் கடமை. தாய்மொழிக்கு உரிய நேரமும் வேண்டும். நாட்டார் அனைவரும் கூடும் பொது நேரமும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறிப்பது நல்ல பங்கீடாகாது.

இதில் நம் பங்கும் உண்டு. தமிழ் நிகழ்ச்சி வேண்டும் என்று கேட்கிறவர்கள், அது வரும்போது பார்க்க வேண்டும். குறையிருந்தால் எழுத வேண்டும். நிறையிருந்தாலும் எழுத வேண்டும். பார்ப்பாரற்ற நிகழ்ச்சி நெடுநாள் வாழாது. அத்துடன் வாரத்தில் ஒரு நாளேனும், வீட்டார் கூடியமர்ந்து, அடுத்த தெருவின் மொழியில் ஒரு நல்ல நிகழ்ச்சியைப் பார்க்கப் பழகினால், ஒரே கிணற்றுக் காலம் தந்த நன்மையை அதன் சண்டையில்லாமலே நாம் பெறலாம்.

அடுத்த முறை ரயிலில் அந்தக் குன்றைக் கடக்கும்போது, பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அதனைச் சுட்டிக்காட்டுங்கள். துயரம் நிறைந்த ஓர் ஆண்டிலே, இந்த நாடு தன் நான்கு மொழிகளுக்கும் இடம் தேடிக் குடிபுகுந்த வீடு அது என்று சொல்லுங்கள்.